அதிகக் கோப்பை லேக்கர்ஸுக்கா? இல்லை

நந்தனம் பக்கம் பந்து தட்டும் பசங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பற்றி ஒரு படம் சுற்றுகிறது: "என்பிஏ வரலாற்றில் அதிகக் கோப்பை லேக்கர்ஸுக்கே. 17 கோப்பையும் லாஸ் ஏஞ்சலஸ் மண்ணுக்கு வந்தவை." இரண்டுமே தவறு.

2025 சீசன் வரையிலான கணக்கில் முதலிடம் பாஸ்டன் செல்டிக்ஸுக்கு, 18 கோப்பை. 2020-ல் லேக்கர்ஸ் 17-ஐத் தொட்டபோது இரு அணிகளும் சமநிலையில் இருந்தன. படம் அப்போதைய நினைப்பிலேயே நின்றுவிட்டது போலும். 2024 இறுதித் தொடரில் டல்லாஸ் மாவெரிக்ஸை 4-1 என வீழ்த்தி பாஸ்டன் முந்திவிட்டது.

சரி, லேக்கர்ஸின் அந்த 17 கோப்பையும் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தவையா? 1949, 1950, 1952, 1953, 1954 ஆகிய ஐந்தும் மினியாபொலிஸில் இருந்த காலத்தவை. ஜார்ஜ் மைக்கன் என்ற நெட்டை சென்டர் ஆட்டக்காரர் வளையத்தடியில் எதிரணிகளை ஆட்டிப்படைத்த காலம் அது. 1949 கோப்பை என்பிஏ என்ற பெயர் வருவதற்கு முன்பே, பிஏஏ லீக்கில் வென்றது. அதையும் என்பிஏ தன் கணக்கில் சேர்க்கிறது. அணி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது 1960-ல்தான். அங்கே வென்றவை 12.

அப்புறம், அதே படத்தின் கீழே "அதிக மோதிரம் ஜோர்டானுக்கு" என்றும் இருக்கிறது. மோதிரம் என்றால் கோப்பை வென்ற அணியின் வீரருக்குக் கிடைப்பது. மைக்கேல் ஜோர்டானிடம் 6. செல்டிக்ஸின் பில் ரஸலிடம் 11. அதில் எட்டு, 1959 முதல் 1966 வரை வரிசையாக.