ஊசி கட்டை மாதிரி மிதப்பதில்லை

தண்ணீரில் ஊசியை மிதக்கவிட்டு வகுப்பில் பரப்பு இழுவிசையை (நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி இருப்பதை) விளக்குவது பற்றிய கட்டுரை அருமை. மேலூர் பக்கம் எங்கள் பள்ளியிலும் இதைச் செய்வோம். ஆனால் "கட்டை மிதப்பது போல ஊசியும் மிதக்கிறது" என்ற வரிதான் இடிக்கிறது. கட்டையைத் தண்ணீருக்குள் அமுக்கிக் கையை எடுத்தால் மேலே வந்துவிடும். ஊசியை அமுக்கிப் பாருங்கள், அடியில் போய்ப் படுத்துவிடும். எஃகு தண்ணீரைவிட கிட்டத்தட்ட 8 மடங்கு அடர்த்தி அல்லவா!

டம்ளரைவிட வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு நல்லது. வெயிலில் வைத்தால், கயிற்றுக் கட்டிலில் ஆள் படுத்த மாதிரி ஊசிக்கடியில் நீர்ப்பரப்பு தொய்ந்திருப்பது தெரியும். தட்டின் அடியில் விழும் நிழலோ ஊசியைவிட நன்றாகத் தடித்திருக்கும், ஓரத்தில் வெளிச்சக் கோடு வேறு. பிள்ளைகள் முட்டிமோதிக் குனிந்து பார்ப்பது அதைத்தான்.

ஊசி நிற்கவில்லையா? எண்ணெய் வைத்த தலைமுடியில் ஒரு தரம் உரசி எடுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது. நம் ஊர் வகுப்புகளில் அதற்கா பஞ்சம்!

ஆய்வகம் இல்லையே என்று அலுத்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு: ஜெர்மனியின் ஆக்னஸ் பாக்கெல்ஸ் வீட்டிலேயே நீர்ப்பரப்பை ஆராய்ந்தவர். அவர் கடிதம் 1891இல் நேச்சர் இதழில் வந்தது.

அப்புறம், பரப்பு இழுவிசை குறைந்தால் ஊசி மூழ்கும் என்று காட்ட சோப்பு வேண்டாம், ஷாம்பு பாக்கெட் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு திரிந்துவிடும். அடுத்த வகுப்புக்கு முன் தட்டை நன்றாக அலசிவிடுங்கள், ஷாம்பு ஒட்டியிருந்தால் ஊசி நிற்காது.