தண்ணி வருமா, வராதா சார்?

எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்கு இந்த வருடம் நான்தான் செயலாளர். போன மாதம் மோட்டார் திணற ஆரம்பித்தது. மறுநாள் கழற்றி மாற்றுவதாக ஏற்பாடு. நோட்டீஸ் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன்.

"குடியிருப்போர் அனைவரின் மேலான கவனத்திற்கு. நீரேற்று மோட்டாரானது பழுதடைந்துள்ள காரணத்தினால், அதனைச் சீரமைக்கும் பணியானது மேற்கொள்ளப்படவிருப்பதையொட்டி, நாளைய தினம் நீர் விநியோகத்தில் தடை ஏற்படக்கூடும் என்பதை அன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

எனக்கே பெருமையாக இருந்தது. வாட்ச்மேன் அண்ணன் இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார்: "நாளைக்குத் தண்ணி வருமா, வராதா சார்?"

ரோஷம் வந்துவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டு, "நாளை தண்ணீர் வராது" என்று மூன்றே சொல்லில் எழுதி ஒட்டினேன். அரை மணி நேரத்தில் 11 போன். காலையிலா, நாள் முழுக்கவா? போர் தண்ணியா, மெட்ரோ தண்ணியா? லாரிக்குச் சொல்லியாச்சா?

நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர், எழுதும் நூலில் இருக்கக்கூடாத பத்துக் குற்றங்கள் சொல்வார். படித்த காலத்தில் உருப்போட்டு, பரீட்சையோடு மறந்தது. என் முதல் நோட்டீஸ் அதில் இரண்டாவது குற்றம், மிகைபடக் கூறல். அடுத்தது முதல் குற்றம், குன்றக் கூறல். 13ஆம் நூற்றாண்டிலேயே மனுஷன் என் இரண்டு நோட்டீஸையும் படித்துவிட்டார்!

எளிமையாக எழுது என்றால் பலர் விஷயத்தைக் குறைத்துவிடுகிறார்கள். நான் முதலில் கைவைப்பது வாக்கியத்தின் வாலில். தமிழில் கொழுப்பு அங்கேதான் சேர்கிறது. 'வருகை புரிந்தார்' என்றால் வந்தார், அவ்வளவுதான். 'என்பது குறிப்பிடத்தக்கது' என்கிறோம். அதான் குறிப்பிட்டாயிற்றே, அப்புறம் என்ன தக்கது? 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது' இன்னும் மோசம். யார் ஆராய்ந்தார் என்பதே அதில் காணாமல் போய்விடுகிறது. அலுவலகங்களுக்கு அது வசதி. நமக்கு எதற்கு?

இதெல்லாம் சுலபம். நமக்குப் பிடித்துப்போன வரியை எடுப்பதுதான் பாடு. பெரியப்பா இறந்தபோது ஒரு பதிவு எழுதினேன். காலம் என்னும் நதி, கரை, அலை என்று முதல் பத்தி. நான்கு நாள் அதை மட்டும் தொடாமல் மற்றதையெல்லாம் திருத்தினேன். ஐந்தாம் நாள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். (வாய்விட்டு வாசிப்பதைவிட நல்ல எடிட்டர் எனக்கு இதுவரை அமையவில்லை.) நதி ஓடி முடியும்வரை அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் மறந்து போன பரீட்சை அட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, பெரியப்பா வெயிலில் ஏழு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்த வரியில் அவள் கை நின்றது.

நதியை எடுத்துவிட்டேன். இரண்டு நாள் வருத்தமாகத்தான் இருந்தது.

நோட்டீஸை மூன்றாம் முறை எழுதினேன்: "மோட்டார் மாற்றுகிறோம். நாளை காலை 9 முதல் மாலை 4 வரை எந்தக் குழாயிலும் தண்ணீர் வராது. இன்று இரவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 11 மணிக்கு லாரி வரும்."

அண்ணன் ஒரு முறை படித்தார். ஒன்றும் கேட்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கீழ்க்குழாய்ப் பக்கம் போனார்.