பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணிப் போடுங்கள்

கனடாவின் பிரெய்ரி சமவெளிக் கிராமங்களில், அதாவது மனிடோபா, சஸ்காட்செவான், ஆல்பர்ட்டா பக்கம், நூறு வருஷத்துக்கு முன்னால் எடுத்த பள்ளிக்கூடப் படங்களை இப்போது ஏஐ-யில் கொடுத்து வண்ணமடித்து, முகத்தைத் 'தெளிவாக்கி'ப் போடுகிறார்கள். பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. அசல் படத்தில் ஒரு முகம் கடுகளவுதான் இருக்கும். அதிலிருந்து மென்பொருள் எடுத்துத் தருவது அந்தப் பிள்ளையின் முகமே இல்லை, அதுவாக இட்டுக்கட்டிய யாரோ ஒருவரின் முகம். அதைத் தன் பாட்டி என்று நம்பி ஒரு பேத்தி பிரேம் போட்டு மாட்டுவாள்.

அதைவிடக் கொடுமை, ஓரங்களை வெட்டுவது. முன்வரிசைப் பிள்ளை மடியில் ஒரு சிலேட்டு இருக்கும், அதில் பள்ளியின் பெயரும் ஆண்டும் எழுதியிருக்கும், 'அழகுக்காக' அதை வெட்டிவிடுகிறார்கள்! சஸ்காட்செவானில் மட்டும் ஒரு காலத்தில் சுமார் 5,000 பள்ளி மாவட்டங்கள், அதாவது பள்ளி நடத்துவதற்கான சிறு நிர்வாகப் பகுதிகள், இருந்தன, பெரும்பாலானவற்றில் இருந்தது ஒற்றை அறைப் பள்ளி. 1944-க்குப் பிறகு சிறு மாவட்டங்களைச் சேர்த்துப் பெரிய அலகுகளாக்கினார்கள், சாலையும் பஸ்ஸும் வந்தன, பள்ளிகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். அந்தப் பெயர்களில் பல இன்றைய வரைபடத்தில் கிடையாது. சிலேட்டு போனால் ஊரே போச்சு.

இதை வகுப்புப் படம் என்று சொல்வதும் தப்பு. ஒன்று முதல் எட்டு வரை எல்லோருக்கும் ஒரே அறை, ஒரே டீச்சர். மூக்கொழுகும் ஆறு வயசுக் குழந்தையும் மீசை அரும்பிய பையனும் ஒரே படத்தில் நிற்பார்கள். டீச்சர் பல நேரம் பயிற்சி முடித்துவிட்டு நேரே வந்த பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பெண், மாணவிகளுக்கு நடுவில் அவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1872 நிலச் சட்டப்படி குடியேற வந்தவர்களுக்கு 10 டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கொடுத்ததால் வீட்டுக்கு வீடு தூரம் அதிகம். பிள்ளைகள் நடந்து வந்தார்கள், இல்லையென்றால் குதிரையில் வந்தார்கள். பள்ளிக்குப் பக்கத்திலேயே குதிரை லாயம் இருக்கும். விதைப்பு, அறுப்பு சமயத்தில் பெரிய பையன்கள் வயலில் இருப்பார்கள், அதனால் படத்தில் இல்லை என்பதற்காக அவன் அங்கே படிக்கவே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

இதெல்லாம் முன்பக்கம். பின்பக்கத்தில்தான் பெயர்கள். பென்சிலில், பாதி அழிந்து, உக்ரைனிலிருந்து குடியேறிய சில குடும்பங்களில் உக்ரேனிய எழுத்தில்கூட இருக்கும், படிக்கத் தெரியவில்லை என்று அதை விட்டுவிடுகிறார்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் என்ன, பார்க்கிறவர்களில் ஒருவருக்குத் தெரியுமே! அப்புறம் 'இன்னாரின் மனைவி' என்று மட்டும் பிறகு யாரோ எழுதி வைத்திருப்பார்கள். படம் எடுத்த அன்று அவள் ஒன்பது வயசுப் பிள்ளை, அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது, பிறந்த வீட்டுப் பெயரோடு அதைத் தேடி எழுதுங்கள்.

சரி, இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே சமவெளி, அதே காலம், ஆனால் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளின் படங்கள் வேறு ரகம். அப்படி ஒரு பள்ளியான ரெஜைனா தொழிற்பள்ளியில் சேர்த்த தாமஸ் மூர் கீசிக் என்ற சிறுவனைப் பள்ளியில் சேர்வதற்கு முன், சேர்ந்த பின் என்று இரண்டு படமாக 1890களில் அரசாங்க அறிக்கையிலேயே அச்சிட்டார்கள், முதலில் நீண்ட பின்னலோடு, அடுத்ததில் முடியை வெட்டிச் சீருடை மாட்டி. அது அந்தப் பள்ளிகளுக்கான விளம்பரம். இந்த வகைப் படங்களுக்குக் கீழே 'அந்தக் காலமே தனி' என்று எழுதுகிறவர்களை என்ன சொல்வது?

அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் படக்குறிப்பில் பெயரே கிடையாது. கனடாவின் தேசிய ஆவணக் காப்பகம் 2000களின் தொடக்கத்தில் பழைய படங்களை வட துருவப் பகுதிப் பூர்வகுடிகளான இனுவிட் மக்களின் முதியவர்களிடம் காட்டிப் பெயர் சேர்க்கும் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது, பிறகு மற்ற பூர்வகுடி மக்களுக்கும் அதை விரித்தது. செய்ய வேண்டிய வேலை அதுதான். உறைவிடப் பள்ளிப் படம் ஏதாவது உங்கள் கையில் கிடைத்தால் முதலில் அந்தச் சமூகத்தாரைக் கேளுங்கள், அவர்கள் சரி என்றால் போடுங்கள். அதற்கு வண்ணமடிக்கிற பேச்சே வேண்டாம்.