தைரொயிட் குளிசை கொழுப்பை எரிக்குமா?

கிளிநொச்சிப் பக்கம் வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. தைரொயிட் குளிசையைப் போட்டுவிட்டு விடியக் கிணற்றில் குளித்தால் உடலுக்குச் சூடு தர எரியும் 'பழுப்புக் கொழுப்பு' விழித்து வயிறு வற்றிவிடுமாம். பிழை.

பழுப்புக் கொழுப்பு பொய்யில்லை. வளர்ந்தவர்களிடமும் கழுத்து, காறை எலும்புப் பக்கம் அது கொஞ்சம் வேலை செய்வதை 2009இல் ஸ்கான் ஆய்வுகள் உறுதி செய்தன. குளிர் பட்டால் நரம்புகள் அதைத் தூண்டும், உடனே அந்தக் கலங்களுக்குள்ளேயே ஒரு நொதியம் தைரொயிட் சுரப்பி தரும் ரீ4 ஹோர்மோனை அதன் வீரியமான வடிவமான ரீ3ஆக மாற்ற, யூசிபி1 என்ற புரதம் கூடி, கொழுப்பு வெறும் சூடாக எரியும். அதாவது தேவையான ரீ3ஐ அது தானே செய்துகொள்கிறது.

சுரப்பி ஒழுங்காக உள்ளவர் மேலதிகமாகப் போடும் குளிசை அங்கே மட்டுமா போகும்? இதயம் படபடக்கும், துடிப்பு தாறுமாறாகும், தசை கரையும், எலும்பு மெலியும். நிறை குறைந்தாலும் அதில் தசையும் சேர்த்தி. அமெரிக்காவில் இந்த மருந்தின் விவரத்தாளிலேயே, உடல் மெலியப் பாவிக்கக் கூடாது என்று கட்டம் கட்டி எச்சரிக்கிறார்கள்.

சுரப்பு குறைந்தவருக்கு அதே குளிசை அவசியம்தான், ரீஎஸ்எச் (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்) அளவை இரத்தத்தில் பார்த்து கிளினிக்கில் எழுதிய அளவில். பக்கத்து வீட்டு அக்காவின் போத்தலில் இருந்து அல்ல (சிரிக்காதீர்கள், நடக்கிறது).