அப்பாவின் எலுமிச்சை ஊறுகாய்க் கணக்கு

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்ததும் முதலில் ரசத்து உப்பில்தான் கைவைத்தோம். சாம்பாரில் பாதியாகக் குறைத்தோம், அப்பளத்தை நிறுத்தினோம். மனிதர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தோம், எலுமிச்சை ஊறுகாய் ஜாடி வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகிக்கொண்டிருந்தது. கேட்டால், "எலுமிச்சைதானே, வைட்டமின் சி" என்றார்.

வாட்ஸ்அப்பில் வரும் பாடம் இது. பழத்தில் வைட்டமின் சி உண்டுதான். வெயிலில் வைத்து, வாரக்கணக்கில் ஊறவிட்டு, காய்ச்சிய எண்ணெயும் ஊற்றிய பிறகு அதில் நிறையப் போய்விடும். மிச்சம் இருந்தாலும், ஒரு துண்டில் எவ்வளவு கிடைத்துவிடும்? குடலுக்கு நல்ல பாக்டீரியா என்கிறார்கள். நாம் போடும் உப்பும் பழத்தின் புளிப்பும் சேர்ந்து கிருமிகளை வளரவிடாததால்தான் ஊறுகாய் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. அங்கே போய் நல்ல பாக்டீரியாவைத் தேடினால் எப்படி?

சரி, உப்புக்கு வருவோம். உப்பை நம்பிப் பதப்படுத்தும் ஊறுகாயில் குறைந்தது 12 சதவீதம் உப்பு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. அப்படியென்றால் 10 கிராம் ஊறுகாயில், அதாவது ஒரு துண்டும் கொஞ்சம் காரமும், 1.2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் நிற்கச் சொல்கிறது. அப்பா மூன்று வேளையும் வைத்துக்கொண்டார், 3.6 கிராம். ரசத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஜாடி வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

உப்பைக் குறைத்துப் போடலாமே என்றாள் அத்தை. போட்டோம். பதினைந்தே நாளில் பூஞ்சை. மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. நான் அப்படியே குப்பையில் கொட்டினேன். குறைந்த உப்பென்றால் கொஞ்சமாகப் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

நான் ஊறுகாய்க்கு எதிரி இல்லை. அது இல்லாமல் எனக்குத் தயிர்சாதம் இறங்காது. காய்ச்சல் விட்ட வாய்க்குக் கஞ்சியோடு வேறு எது ருசிக்கும்? என் சண்டையெல்லாம், காய் நறுக்கச் சோம்பலான நாளில் "ஊறுகாய் இருக்கே" என்று சோற்றைப் பிசைவதோடுதான். தொட்டுக்கொள்ள வைத்ததைப் பொரியல் மாதிரி அள்ளுகிறோம்.

இப்போது வீட்டில் ஒப்பந்தம்: மதியத் தயிர்சாதத்துக்கு மட்டும் அரைத் துண்டு. பதிலுக்கு ரசத்தில் கொஞ்சம் உப்பு ஏறியிருக்கிறது. அந்த அரைத் துண்டை அப்பா எப்படி அளக்கிறார் என்று பார்க்க இன்னும் ஆள் போடவில்லை.