டிக்கா துப்பாக்கியின் குழல் மட்டமானதா?

"சாக்கோவின் பாதி விலைக்கு டிக்கா கிடைக்கிறது என்றால் அதன் குழலும் பாதித் தரம்தான்" என்று இந்த இரண்டு வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிச் சிலர் சொல்வது தவறு. இரண்டும் பின்லாந்தின் ரீஹிமாக்கி நகரில் ஒரே தொழிற்சாலையில் தயாராகின்றன. குளிர் நிலையில் சுத்தியலால் அடித்து வடிக்கும் அதே முறையில்தான் இரண்டின் குழல்களும் உருவாகின்றன.

விலை வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது. சாக்கோ 85, தோட்டாவின் நீளத்திற்கேற்பப் பல அளவுகளில் உடற்பகுதியை (போல்ட் முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதி) கொண்டது. 2003இல் வந்த டிக்கா டி3 எல்லாத் தோட்டாக்களுக்கும் ஒரே நீள உடற்பகுதியை வைத்துக்கொண்டு, குட்டைத் தோட்டாக்களுக்கு போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் தண்டு) பின்னால் வரும் தூரத்தை மட்டும் குறைத்துக்கொள்கிறது. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் சாக்கோவில் உலோகம், டிக்காவில் பிளாஸ்டிக். குழலையும் உடற்பகுதியையும் தாங்கும் வால்நட் மரக்கட்டை, மெருகு வேலை ஆகியவற்றுக்கும் நாம் பணம் கொடுக்கிறோம் (அழகுக்காகக் கொடுப்பதில் தவறொன்றும் இல்லை).

உண்மையிலேயே மலிவான துப்பாக்கிகளில் குறை சொல்ல வேண்டுமானால், பெரும்பாலும் குழலைவிடப் பிளாஸ்டிக் கட்டையைத்தான் சொல்ல வேண்டும். கட்டையின் முன்பகுதியை இருகால் தாங்கியில் அழுத்தி ஊன்றினால் மெல்லிய பிளாஸ்டிக் வளைந்து குழலைத் தொடும். அவ்வாறு தொட்டால் குண்டு விழும் இடம் மாறிவிடும். கட்டைக்கும் குழலுக்கும் இடையே ஒரு தாளைச் செருகி, தாங்கியில் சாய்த்தபடியே இழுத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். விறைப்பான வேறு கட்டையை மாற்றினால் அதே குழல் ஒழுங்காகச் சுடும். அதற்குப் பிறகும் மொத்தச் செலவு சாக்கோவின் விலையை எட்டாது.