நர்ஸ் பிள்ளைகளுக்கு கிளாஸ் வைக்கதுக்கு முன்னால ட்யூட்டி சார்ட்ட ஒருக்கா பாருங்க

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஆஸ்பத்திரிகள்ல சிஎன்இ கிளாஸ், அதாவது வேலைல இருக்குற நர்ஸ்மாருக்கு தொடர்ந்து நடத்துக கிளாஸ், எப்படி பிளான் பண்றாங்கன்னு வருஷக்கணக்கா பாத்துட்டுதான் இருக்கேன். மொதல்ல ஹால் புக் பண்ணுவாங்க, அப்புறம் சீஃப் கெஸ்ட், பேனர், சாப்பாடு, என்ன சொல்லிக் குடுக்கணும்ங்கது கடைசிலதான். ஞாயித்துக்கிழமை காலைல 9 மணிக்கு கிளாஸ்னா, ராத்திரி பூரா ஐசியூல நின்னுட்டு 8 மணிக்கு ஹேண்டோவர் குடுத்த பிள்ள ஒரு சாயா கூட குடிக்காம வந்து உக்காருது, அது தூங்காம என்ன செய்யும்? உடனே இந்தப் பிள்ளைகளுக்கு படிக்க ஆர்வமே இல்லன்னு பேச்சு. அதக் கேட்டா எனக்கு அப்படி கோவம் வரும். இதே பிள்ளதான் வளைகுடா வேலைக்கு எழுதுக புரோமெட்ரிக் பரீட்சைக்கும் ஓஇடிங்கற இங்கிலீஷ் பரீட்சைக்கும் ஜெர்மன் மொழி பி2 லெவலுக்கும் சொந்தக் காசக் கட்டி, குலசேகரம் பஸ்ல நின்னுக்கிட்டே போன்ல படிச்சுட்டு வருது. வெளிநாட்டு வேலைங்கது கண்ணுக்குத் தெரியுது, படிக்காங்க. நம்ம கிளாஸ் முடிஞ்சா சம்பளத்துலயும் ஒண்ணும் ஏறாது, வார்டுலயும் ஒண்ணும் மாறாது.

ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க 5 வருஷத்துல 150 மணிக்கூர்னு நர்சிங் கவுன்சில் சொல்லுது. கணக்குப் பாத்தா மாசத்துக்கு ரெண்டரை மணிக்கூர், அவ்வளவுதான். அத ஒரு ஞாயித்துக்கிழமைல அடைச்சு வைக்கணும்னு என்ன கட்டாயம்?

சிபிஆரையே எடுங்க, இதயம் நின்னுபோனா நெஞ்ச அமுக்கிச் செய்யுக முதலுதவி. பெரியவங்களுக்கு நெஞ்ச 5லேருந்து 6 சென்டிமீட்டர் அமுக்கணும், நிமிஷத்துக்கு 100லேருந்து 120 தடவ, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல வர விடணும். ஸ்லைடு பாத்து இது வராது, கை பழகணும், பழகுன கையும் சில மாசம் செய்யாம இருந்தா விட்டுப் போயிரும். அதனால சிபிஆர் பழகுக டம்மி பொம்மைய வார்டுக்கே கொண்டு வாங்க. ஷிப்ட் மாறுக நேரத்துல 20 நிமிஷம், ரெண்டு ரெண்டு பேரா செய்யச் சொல்லுங்க, அப்படியே அவசர மருந்தும் சாமானும் இருக்குற கிராஷ் கார்ட் வண்டியத் தொறந்து அட்ரினலின் எந்த ட்ரேல இருக்கு, தொண்டைக்குள்ள பாக்குற லாரிங்கோஸ்கோப் பல்பு எரியுதான்னு அவங்களே பாக்கட்டும்.

அந்த 20 நிமிஷத்த ட்யூட்டி நேரமாவே எழுதணும், இதுல பேரமே கிடையாது. சின்ன நர்சிங் ஹோம்னா ஆள் பத்தாதுன்னு சொல்லுவாங்க, நிஜம்தான், பக்கத்துல உள்ள ரெண்டு மூணு ஆஸ்பத்திரி சேந்து ஒரு டம்மி, ஒரு டியூட்டர்னு வைக்கலாமே. இந்த நேரம் அந்த 150 மணிக்கூர்ல கிரெடிட்டா சேரதுக்கு கவுன்சில் அப்ரூவல முன்னாலயே வாங்கிருங்க.

அடுத்த மாச ட்யூட்டி சார்ட் போடுக இன்சார்ஜ் சிஸ்டர்மாரு யாராவது இதப் படிச்சா, போன மாசம் எந்தக் கேஸ்ல கை நடுங்குச்சுன்னு உங்க பிள்ளைககிட்ட கேளுங்க, மொத கிளாஸ் அதுல வைங்க.